நாலரை இஞ்ச்

மணி எட்டே கால். ரம்பம் இன்னும் வரலை. இசக்கி கொத்தனார் போன்ல சத்தம் போடுதான், ஒம்பதுக்குள்ள மிஷினைக் கொண்டாந்து சேத்துருலே, உத்திரம் ஒண்ணுதான் பாக்கி, அதை அறுத்து எறக்கிட்டா இன்னைக்கு ஜோலி முடிஞ்சுதுன்னு. இந்தப் பக்கம் ஈஸிசேர்ல உக்காந்திருக்க எனக்கு ஒரு எழுத்து விடாமக் கேக்கு. கேக்காம எப்படி இருக்கும். நடுவுல நிக்கது நாலரை இஞ்ச் சுவரு. பத்திரத்துல ஒம்பதுன்னு இருக்கு. பத்திரத்தோட சேத்து வச்ச பிளான்லயும் ஒம்பதுதான், அதுக்குக் கீழ என் கையெழுத்து, மு. பிறவிப்பெருமாள், டிராஃப்ட்ஸ்மேன், பொதுப்பணித் துறை. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் வரைஞ்ச பாலம் எத்தனை, மதகு எத்தனை, ஒரு கோடு ஒரு நூல் தப்பினது கிடையாது, ரிட்டயர்மெண்ட் அன்னைக்கு மாலையைப் போட்டு அதைத்தான் எல்லாவனும் சொன்னான். நானும் தலையை ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரே வீடு இது. பூட்டன் கட்டின வீடு. கூடமா இருந்த பட்டாலையை நடுவுல சுவர் வச்சு மறிச்சு, கிழக்குப் பாதி எனக்கு, மேக்குப் பாதி தம்பி நாயகத்துக்குன்னு ஆகி இருபத்துநாலு வருஷம். இப்ப அவன் பாதியை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டப் போறான், மகன் கல்யாணத்துக்கு முன்னாடி. கட்டட்டும். யாரு வேண்டாம்னா. ஆனா உத்திரம் ரெண்டு பாதிக்கும் சேத்து ஒரே மரம், பதினஞ்சு அடி தேக்கு, கிழக்குச் சுவத்துலேருந்து மேக்குச் சுவத்துக்கு. அதைச் சுவரோட ஒட்ட அறுத்துட்டா என் பக்கத்துத் துண்டுக்கு ஒரு முனைதான் கெட்டியான சுவத்துல இருக்கும். மத்த முனை நடுச்சுவத்து மேல உக்காரணும். ஒம்பது இஞ்ச்னா தாங்கும். நாலரை தாங்காது. மட்டப்பாத் தளம் மொத்தமும் அந்தத் துண்டுல. அதுக்கு நேர் கீழ வடிவு படுத்திருக்கா.

வடிவு என் பொஞ்சாதி. மூணு வாரத்துக்கு முன்னால குளிமுறியில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போயிட்டு. ஆபரேஷன் பண்ணி கம்பி வச்சிருக்கு. புரண்டு படுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அவளும் புரளலை. மோட்டைப் பாத்தபடி கெடக்கா, மோட்டுல அந்த உத்திரத்தைப் பாத்தபடி. நேத்து ராத்திரி சொன்னா, இதுல ஒரு கண்ணு மாதிரி வடு இருக்குங்க, முப்பத்தாறு வருஷமா இந்த வீட்டுல இருக்கேன், இப்பத்தான் பாக்கேன்னு. மரத்துல கெளை வெட்டின எடமா இருக்கும்னேன். ஓகோன்னுட்டு கண்ணை மூடிக்கிட்டா. காலையில எந்திரிச்ச உடனே சொல்லிப் பாத்தேன், உள் அறைக்கு மாறிருவமா வடிவுன்னு. எதுக்கு? தூசி வருமேன்னேன். தூசிதானே, வரட்டும், என்னை அசைக்காதிய, உசுரு போகுதுன்னா. தூசின்னு சொன்னேன் பாரு. அறுபத்தேழு வயசுல வாயில வந்தது அந்தச் சொல்லு. கட்டிலோட தூக்கணும்னா நாலு ஆள் வேணும். நாலு ஆளுக்கு எங்க போக. எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்தப் பக்கம் நாலு ஆள் என்ன, ஏழு ஆள் நிக்கான், டீ குடிச்சுக்கிட்டு. கூப்பிட்டா ஓடி வந்துருவானுவ. கூப்பிடணும். கூப்பிட்டா எதுக்கு அண்ணாச்சின்னு கேப்பான் இசக்கி. உத்திரம் விழுந்துரும்டான்னா, எப்படி விழும், ஒம்பது இஞ்ச் சுவருல்லா நிக்குன்னு பிளானை விரிச்சுக் காட்டுவான். என் பிளானை எனக்கே காட்டுவான்.

நேத்து காட்டினான். எனக்கில்லை, நாயகத்துக்கு. இந்தச் சுவரை ஒட்டி நின்னு பேசுதானுவ. இசக்கி கேக்கான், மொதலாளி, அறுக்கலாமா, அந்தப் பக்கம் பெரியம்மா படுத்த படுக்கையா இருக்காகளாமே, சுவரு தாங்குமா? நாயகம் மூச்சு வாங்குதான். அவனுக்கு இழுப்பு உண்டு, சின்ன வயசுலயே உண்டு, அந்த மூச்சு கேட்டுது. பிறகு நல்லா நிறுத்தி, சத்தமாச் சொன்னான், எங்கண்ணன் போட்ட கோடு அது, ஒம்பதுன்னா ஒம்பதுதான் இருக்கும், தப்பாதுன்னு. இருபத்துநாலு வருஷத்துல அவன் வாயிலேருந்து அண்ணன்னு ஒரு சொல்லு வந்து நேத்துத்தான் கேட்டேன். இந்தச் சுவர் வழியா அவன் வீட்டுல கேக்காதது எது. அவன் மகன் வாய்ப்பாடு படிச்சது கேட்டிருக்கேன். அவன் பொஞ்சாதி ஒரு பொங்கலன்னைக்கு அழுதது கேட்டிருக்கேன். ரேடியோ, மிக்ஸி, ராத்திரி அவன் இருமல். தெக்கால இருந்து வடக்கால வரைக்கும் ஒண்ணுபோலக் கேக்கும், உத்திரத்துக்கு நேர் கீழ மட்டும் கொஞ்சம் மந்தமாக் கேக்கும், அங்க பீரோ கீரோ ஒட்டிப் போட்டிருப்பான்னு நினைச்சுக்குவேன். எல்லாம் கேட்டுச்சு. அண்ணன்னு மட்டும் கேட்டதில்லை. கேட்ட அன்னைக்குப் பாரு, எதுக்குக் கேட்டுதுன்னு. தப்பாதாம். எந்திரிச்சுப் போயிரணும். இப்பவே போயிரணும். என் வாசப்படிக்கும் அவன் வாசப்படிக்கும் பதினோரு அடி. நானே டேப்பைப் பிடிச்சு அளந்தது.

கடப்பாரை போடுதான். இது மட்டப்பாவுல மிஞ்சின கட்டைகளைக் கழட்டுத சத்தம். முந்தாநாள் விழுந்தது அப்பா கட்டின மாடி ரூம். எழுபத்தொண்ணுல போட்டது, இந்தத் தெருவுலயே மொத சிமெண்டு ரூம். நானும் நாயகமும் குடத்துல தண்ணி சுமந்து சுமந்து தளத்துல பாத்தி கட்டி ஊத்துவோம், அவனுக்கு எட்டு வயசு, அவன் குடத்துல பாதி படியிலயே சிந்திரும், அப்பா வந்து பாத்தா எண்ணே நீ சொல்லாதன்னு கண்ணைக் காட்டுவான், நான் சொல்ல மாட்டேன். சுவரு ஒம்பது இஞ்ச். அது போக ஒருநாள்தான் ஆச்சு, சம்மட்டியால பொத்துப் பொத்துன்னு போட்டானுவ, விழுந்துட்டு. நேத்து தாத்தாவோட மட்டப்பா. முப்பத்துநாலுல தாத்தா ஓட்டைப் பிரிச்சுட்டு மெட்ராஸ் டெரஸ் போட்டாரு, தேக்குக் கட்டையை வரிசையா அடுக்கி, அதுமேல செங்கல்லைக் குத்துக்கல்லா நிறுத்தி, சுண்ணாம்பு. அதுக்குத்தான் இந்த உத்திரம். தூத்துக்குடியில இருந்து ரெண்டு வண்டியைச் சேத்துக் கட்டி வந்துதாம். முக்குத் திரும்ப முடியலையாம். அப்பா சொல்லிக் கேட்டது, முக்கு வீட்டுக்காரருக்குப் புதுச் சுவரு வச்சுத் தாரேன்னு சத்தியம் பண்ணி அவர் வீட்டு மூலையை இடிச்சுத் திருப்பினாராம் தாத்தா. நம்ம மேக்குச் சுவத்துலயும் பொந்து போட்டு உள்ள விட்டிருக்கு. அந்தப் பொந்தை அடைச்ச கல்லு பெருசு, சுத்தி இருக்க பூட்டன் கல்லு சின்னது, பூச்சு உதிர்ந்தா இன்னைக்கும் தெரியும். ஒன்றரை அடி கனத்துல அடைச்சிருக்காரு. நேத்து பொழுது சாஞ்ச பிறகுதான் மட்டப்பா வந்துது, சுண்ணாம்பு விட மாட்டேங்குன்னு ஒருத்தன் வைதான். நாளைக்குப் பூட்டன் சுவரு. ரெண்டு அடி கனம். ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூறோ என்னவோ, ஆத்துக்கு அந்தாண்ட சூளை போட்டு, செங்கல் ஒவ்வொண்ணையும் தட்டிப் பாத்து எடுத்தாராம், கணீர்னு கேக்காத கல்லு வேலிக்குப் போயிருமாம். ரெண்டு அடி, ஒன்றரை அடி, ஒம்பது இஞ்ச். என் பங்குக்கு நான் கட்டினது நாலரை.

சொல்லிருதேன். எனக்கு நானே சொல்லிக்கிடுதேன், அங்க போய் சொல்லுததுக்கு ஒத்திகை மாதிரி. நாயகம், சுவரு ஒம்பது இல்லடே. அதுக்கு மேல ஓட மாட்டேங்கு. ஏன்னு கேப்பான்ல. பட்டாலை அகலம் பதிமூணு அடி. பாதிக்குப் பாதி ஆறரை. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நாலரை இஞ்ச், அந்தப் பக்கம் நாலரை இஞ்ச், சுவரு ஒம்பது. அப்ப எனக்கு மிச்சம் ஆறடி ஒன்றரை இஞ்ச். வடிவு அவ அப்பா வீட்டுல இருந்து கொண்டாந்த கட்டில் ஆறடி மூணு. நெட்டுவாக்குல போட்டா வாசலுக்கும் அடுக்களைக்கும் நடை அடைபட்டுப் போகும், குறுக்கத்தான் போடணும், குறுக்கப் போட்டா ஒன்றரை இஞ்ச் இடிக்கு. கட்டில் சட்டத்துல ஒன்றரை இஞ்ச் அறுத்துருவம்னு சொன்னேன். அவ கட்டில் காலைத் துணியை வச்சுத் தொடைச்சுக்கிட்டே இருந்தா. ஏற்கெனவே பிள்ளை இல்லைன்னு அவ கேட்ட பேச்சு கொஞ்சமில்லை, நாயகம் பொஞ்சாதிக்குப் பிள்ளை பொறந்து அஞ்சாறு மாசம் அப்ப. மறுநாள் நாயகம் குடும்பத்தோட திருச்செந்தூருக்குப் போனான், பிள்ளைக்கு மொட்டை போட. ரெண்டு நாள். மாசானம் கொத்தனார்கிட்ட சொன்னேன், நாலரையில தூக்கிருடே, எம் பக்கத்துப் பாதியை விட்டுரு, அவன் பக்கத்துப் பாதியில மட்டும் நிறுத்துன்னு. அவன் பக்கம் அளவு பிளான்படி சரியா இருக்கும். எம் பக்கம் நாலரை இஞ்ச் கூட. எவனுக்கும் தெரியாது. மாசானம் தலையைச் சொறிஞ்சான், உத்திரம் இருக்கே அண்ணாச்சின்னான். உத்திரம் எங்கடே போகப் போகுது, அது ரெண்டு பக்கமும் பூட்டன் சுவத்துலல்லா நிக்குன்னேன். உத்திரத்துக்கு அடியில ஒரு விரக்கடை இடைவெளி விட்டுப் பூசி மூடினான். அவன் போய்ச் சேந்துட்டான். இந்த நாலரை இஞ்ச் விவகாரம் தெரிஞ்சவன் இப்ப நான் ஒருத்தன்தான்.

நாயகம் திரும்பி வந்தான். பிள்ளை தலையில சந்தனம். கையில பிரசாத இலையோட நேரா சுவத்துகிட்ட வந்தான், ஈரம் காயலை, விரல் மொட்டியால தட்டினான். என்ன எண்ணே, டம்முனு கேக்குன்னான். சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டான். விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பான். எனக்கு எங்க இருந்து வந்துச்சோ அந்தக் கோவம். என்னையவா சந்தேகப்படுத, அளந்து பாரு, டேப்பு இந்தா, உனக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்ததே நான்லேன்னு ஆரம்பிச்சு, சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். அப்பா சாகும்போது நீ எங்க போனேன்னு கேட்டேன். அவன் ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடந்தான் அப்ப, எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் கேட்டேன். அவன் இலையை ஜன்னல்ல வச்சுட்டுப் போயிட்டான். அதுக்குப் பிறகு பேச்சு இல்லை. ஊரு என்ன நினைச்சுது, தம்பிக்காரன் அண்ணனைச் சந்தேகப்பட்டுட்டான், மனுஷன் மனசு ஒடைஞ்சு போயிட்டாருன்னு. அதையும் வாங்கி வச்சுக்கிட்டேன். ஒரு மறுப்பு சொல்லலை. அன்னைக்குச் சாயங்காலம் கட்டிலைக் குறுக்கப் போட்டோம். மூணு இஞ்ச் மிச்சம் இருந்துது. வடிவு சிரிச்சா. பிளான் போட்ட கை என்ன கையின்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

எட்டே முக்கால். செருப்பை மாட்டிட்டேன். வாசப்படி வரைக்கும் வந்துட்டேன். வடிவு கூப்பிடுதா, எங்க போறிய? இந்தா வந்துட்டேன்னேன். தண்ணி கொஞ்சம் தாங்களேன்னா. திரும்பி வந்து தண்ணி குடுத்தேன், தலையைத் தூக்கிப் பிடிச்சேன், நாலு மடக்கு குடிச்சா, கழுத்துல வழிஞ்சுது, தொடைச்சேன். மறுபடி ஈஸிசேருக்கு வந்துட்டேன். பாத்தியா. தண்ணி கேட்டா, அதனால போக முடியலை. நல்ல காரணம்ல. ஏலே பிறவி, உனக்கு வெக்கம்னு ஒண்ணு இருக்கா. இருக்கு. அதுதானே பிடிச்சு உக்கார வச்சிருக்கு. கணக்குப் போட்டுப் பாக்கேன், மனசு தானாப் போடுது. கட்டைக்கு இத்தனை, செங்கல்லுக்கு இத்தனை, சுண்ணாம்புக்கு இத்தனை, பாதிக்குப் பாதி முனையில எறங்கும், சுவரு ஒசரம் பதினோரு அடி, கனம் நாலரை, அதுவும் சாந்து மாசானம் போட்ட மட்டமான சாந்து. நிக்காது. ஒருவேளை நிக்கலாம். இருபத்துநாலு வருஷமா நிக்குல்லா. சும்மா நிக்கதும் சுமை தூக்கி நிக்கதும் ஒண்ணா. ஒருவேளை மரம் பழசு, அறுக்க முடியாம மிஷின் நின்னு போகலாம். ஒருவேளை இன்னைக்கு மழை வரலாம். மனுஷன் எப்படியெல்லாம் நினைக்கான் பாரு. வேற எதையாவது சொல்லி நிறுத்தலாமா. ராகு காலம்னு சொல்லலாமா. வடிவுக்கு மேலுக்கு முடியலை, ரெண்டு நாள் பொறுங்கன்னு சொல்லலாம். ரெண்டு நாள் கழிச்சு? பிறகும் இதே உத்திரம்தான், இதே சுவருதான், இதே நான்தான். உண்மையைச் சொன்னாத்தான் முட்டுக் கொடுப்பான். சொல்லாம முட்டு கிடையாது.

மிஷின் வந்துட்டு. தெருவுல வண்டி நிக்கு. கயறு கட்டுங்கலேன்னு இசக்கி சத்தம். நாயகம் சத்தத்தைக் காணும், ஆனா இருமல் கேக்கு, வாசல் பக்கமா எங்கயோ உக்காந்திருக்கான். ஒருக்க இழுத்துப் பாக்கான் மிஷினை. நின்னுட்டு. இன்னொருக்க. பிடிச்சுக்கிட்டு. எந்திரிச்சுட்டேன். வாசலுக்குப் போகணும்னுதான் எந்திரிச்சேன், கடவுள் சாட்சியா அதுக்குத்தான் எந்திரிச்சேன், காலு கட்டிலுக்குக் கொண்டாந்து விட்டுட்டு. வடிவு கண்ணைத் தெறந்து பாக்கா. என்ன சத்தம் இது? உத்திரத்தை அறுக்கான். நம்ம பக்கமுமா? இல்லை, அவன் பக்கம். அவ கண்ணு அந்த வடுகிட்டயே போகுது. மரம் அதிருது. மோட்டுல இருந்து சுண்ணாம்புப் பொடி கொட்டுது, அவ நெத்தியில, உதட்டுல. குனிஞ்சு அவ மேல கவுந்துக்கிட்டேன், ஒரு கையைச் சுவத்துல ஊணிக்கிட்டு. என் கையி தாங்குமா சுவரை. கைக்குக் கீழ சுவரு நடுங்குதது தெரியுது. இப்ப ஓடினாக்கூட எட்டிரும், பதினோரு அடிதான், நிறுத்துங்கலேன்னு ஒரு சத்தம் போட்டாப் போதும், இங்க இருந்தே போட்டாக்கூடக் கேக்கும், நாலரை இஞ்ச்தானே. வாயைத் தெறக்கேன். காத்துதான் வருது. இப்படியே விழட்டும். ரெண்டு பேரு மேலயும் சேந்து விழட்டும், ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான், பழைய வீடு விழுந்துட்டுன்னு போட்டு முடிச்சிருவான். இதை நினைச்சேன். வடிவு மூஞ்சியைப் பக்கத்துல வச்சுக்கிட்டே நினைச்சேன். அவ கேக்கா, எதுக்குங்க இப்படி நடுங்குதிய. தூசின்னேன்.

ரம்பம் நின்னுட்டு. அந்தப் பக்கம் தொம்முனு மரம் எறங்கின சத்தம், தரை அதிருது. நான் கண்ணை மூடிக்கிட்டேன். ஒண்ணும் விழலை. எண்ணுதேன், பத்து, இருபது, முப்பது. கண்ணைத் தெறந்தா உத்திரம் அதே எடத்துல இருக்கு, ஒரு நூல் எறங்கலை. எப்படி எறங்காம இருக்கும். சுவத்துல தட்டுற சத்தம் கேக்கு. விரல் மொட்டியால மூணு தட்டு. டம்முனுதான் கேக்கு இப்பவும். எண்ணே, இங்க ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்.

செருப்பில்லாமப் போனேன். கதவு கிடையாது, மோடு கிடையாது, நான் பொறந்து வளந்த பட்டாலையில வெயிலு கொட்டிக் கெடக்கு. உத்திரத்தோட வெட்டுவாய் சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி செக்கச் செவேல்னு இருக்கு. அதுக்குக் கீழ, நடுச்சுவரை ஒட்டி, ஒரு தூண். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, செங்கல் தூண், தரையில இருந்து உத்திரம் வரைக்கும், இடைவெளி இல்லாம. நீலப் பூச்சு உரிஞ்சிருக்கு. காலண்டர் மாட்டின ஆணி. பிள்ளை ஒசரத்தை வருஷா வருஷம் அளந்து போட்ட பென்சில் கோடு. வாசல்ல ஒரு பிளாஸ்டிக் சேர், அதை என் வாசலைப் பாத்துத் திருப்பிப் போட்டிருக்கு. நாயகம் தூண்கிட்ட நிக்கான், கையில இழுப்புக்கு அடிக்கற மருந்து. நல்லா வயசாகிப் போச்சு அவனுக்கு.

இது எப்பன்னு கேட்டேன். சுவரு டம்முனு கேட்ட அந்த வருஷம் ஆடிக்கே, நீ மதினியக் கூட்டிக்கிட்டு அவுக வீட்டுக்குப் போயிருந்தல்லான்னான். பீரோ வைக்கற எடம்டே இது, உனக்கு எடம் போச்சேன்னேன். என்ன பேச்சு பேசுதேன் பாரு. அவன் மருந்தை ஒருக்க இழுத்தான்.

"நேத்து உனக்குக் கேக்கட்டும்னுதான் சத்தமாச் சொன்னேன். ஏழரைல இருந்து அந்தச் சேர்ல உக்காந்து உன் வாசலையே பாத்துக்கிட்டிருக்கேன். செருப்பு சத்தம் கூடக் கேட்டுது. ரம்பம் ஓடி முடிஞ்சிட்டு, நீ வரலியேண்ணே."

சுவத்துக்கு அந்தாண்ட வடிவு இருமினா. பக்கத்துல படுத்து இருமினது மாதிரி இருந்துது. இந்தப் பக்கம் நின்னு எங்க வீட்டைக் கேக்கது எனக்கு இதுதான் மொதல் தடவை. அவ மூச்சு கேக்கு. கட்டில் சட்டம் முனகுதது கேக்கு. நான் காலையில தூசின்னு சொன்னது, தண்ணி குடுத்தது எல்லாம் இங்க கேட்டிருக்கும்.

"என்னங்க, தம்பியா பேசுதது? எங்க வரலைன்னு சொல்லுதாக?"

நாயகம் என்னைப் பாக்கான். அவன் பதில் சொல்ல மாட்டான். நான் தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். தூசின்னு இனிமே சொல்ல முடியாது.